துப்பாக்கியும் தூக்குக்கயிறும்: பினாங்கு தரும் ஒன்றரை நூற்றாண்டுப் பாடம்

ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமையா, அரசு அனுமதித்தால் மட்டும் கிடைக்கும் சலுகையா? இந்தக் கேள்வியைக் கேட்டதுமே நம் நினைவு அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. 1791இல் அந்நாட்டு அரசமைப்பில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் ஏந்தும் உரிமையைப் பேசுகிறது. அது தனிமனித உரிமையே என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் ப்ரூவன் வழக்கில், வீட்டுக்கு வெளியே ஆயுதம் கொண்டு செல்வதற்கும் அந்த உரிமையை நீட்டியது. இன்று அமெரிக்காவில் மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை அதிகம்.

மலேசியாவில் இப்படியொரு விவாதமே எழுந்ததில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். எழுந்தது, வேறு உருவத்தில் எழுந்தது. துப்பாக்கி வைத்திருக்கலாமா என்று இங்கே யாரும் பெரிதாக வாதிடவில்லை. வைத்திருந்தவனை அரசு என்ன செய்யலாம் என்பதே இங்கே வழக்காடப்பட்டது. அந்த வழக்குகளில் தோற்றவர்களுக்குத் தூக்குமேடை காத்திருந்தது. அவற்றுள் முக்கியமான இரண்டு பினாங்கிலிருந்து எழுந்தவை. அவற்றுக்கு முன்னோடியான வேறு இரண்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் தமிழர்கள்.

இந்த வரலாறு ஒரு தெளிவான முடிவுக்கு நம்மை இட்டுச் செல்கிறது. பொதுமக்கள் கையில் துப்பாக்கி பரவாமல் தடுத்தது மலேசியா எடுத்த சரியான முடிவு. அதைக் காப்பாற்றத் தூக்குத் தண்டனை வேண்டும் என்று நம்பியது பெரும் பிழை. ஒன்றுக்கு ஆதாரமாக மற்றொன்றைக் காட்டும் வழக்கம் இன்றும் நம்மிடையே உள்ளது. இரண்டையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

உரிமைப் பட்டியலுக்கு வெளியே

மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 10ஆவது பிரிவு குடிமக்களுக்குக் கூடும் உரிமையைத் தருகிறது. அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுவதற்கே அந்த உரிமை. இந்திய அரசமைப்பின் 19ஆவது பிரிவும் இதே நிபந்தனையை விதிக்கிறது. இரு நாடுகளும் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்டவை. இரண்டுமே விடுதலைக்குப் பின் ஆயுதத்தை உரிமைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டன.

இந்தியாவில் இந்த முடிவு எளிதாக எட்டப்படவில்லை. 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. இந்தப் பாகுபாடு தேசிய இயக்கத்தாரை ஆழமாகப் புண்படுத்தியது. அதனால்தான் 1931இல் கராச்சியில் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதை அரசியல் நிர்ணய சபையில் திருத்தமாக முன்மொழிந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. எல்லோருக்கும் உரியது என்று எழுதிவிட்டால், குற்றவாளிகளும் அதே உரிமையைக் கேட்பார்கள் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது.

பாகுபாட்டை எதிர்ப்பதற்காக எழுந்த ஓர் உரிமைக் கோரிக்கை, சமத்துவம் கைக்கு வந்ததும் தேவையற்றுப் போனது. ஆயுத உரிமையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அரசை நம்பாதவர்கள். அந்த அவநம்பிக்கைக்கு அரசு காரணம் தரும்போதெல்லாம் கோரிக்கை மீண்டும் எழும். ஆகவே ஆயுதச் சட்டத்தின் நேர்மையே அதன் வலிமை.

ஜார்ஜ் டவுனில் பீரங்கி முழங்கியபோது

ஆயுதம் கட்டுப்பாடின்றிப் பரவினால் என்ன நடக்கும் என்பதைப் பினாங்கு தன் தெருக்களிலேயே கண்டது. 1867 ஏப்ரல் 1 அன்று பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. நான்கு மாதங்கள் கடந்ததுமே, ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், ஜார்ஜ் டவுனில் பெருங்கலவரம் மூண்டு ஏறத்தாழப் பத்து நாட்கள் நீடித்தது.

ஒரு பக்கம் கீ ஹின் சங்கமும் வெள்ளைக்கொடிச் சங்கமும். மறுபக்கம் தோ பே கோங் சங்கமும் செங்கொடிச் சங்கமும். கீ ஹின்னும் தோ பே கோங்கும் சீனரின் ரகசியச் சங்கங்கள். கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர்களும், தமிழ் முஸ்லிம் வழிவந்த ஜாவிப் பெக்கான் சமூகத்தாரும் இருந்தனர். எனவே இதை இனக் கலவரம் என்று சுருக்கிவிட முடியாது. இரு அணிகளிலும் பல இனத்தவர் கைகோத்து நின்றனர். ஆர்மீனியன் தெரு, ஆச்சே தெரு, கூ கொங்சி சுற்றுவட்டாரம் எல்லாம் போர்க்களமாயின. வீடுகள் தீக்கிரையாயின. பீரங்கிகூட முழங்கியது, கேனன் தெருவுக்கு அப்பெயர் வந்ததற்கு அந்தப் பீரங்கிச் சூட்டையே காரணமாகச் சொல்வார்கள். துணை ஆளுநர் ஆன்சனிடம் கலவரத்தை உடனே அடக்கப் போதுமான படையில்லை.

வணிகத் துறைமுகமான பினாங்கில் வெடிமருந்தும் துப்பாக்கியும் சரக்கோடு சரக்காகப் புழங்கின. பேராக்கின் லாருட் ஈயச் சுரங்கங்களுக்காக 1861 முதல் நடந்த போர்களுக்கு ஆளும் பணமும் ஆயுதமும் இங்கிருந்தே போயின. பினாங்கில் பகை மூண்டால் லாருட்டில் எரிந்தது. லாருட்டில் மூண்டால் பினாங்கு எரிந்தது.

இதற்கு அன்றைய அரசு கையாண்ட வழிகள் கவனிக்கத் தக்கவை. கலவரத்தை விசாரிக்க ஆணையம் அமைந்தது. சங்கங்கள்மீது கூட்டு அபராதம் விதிக்கப்பட்டது. 1869இல் அபாயகரமான சங்கங்களை அடக்கும் சட்டம் வந்து, சங்கங்கள் பதிவு செய்யப்பட்டன. 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கையின்போது லாருட் சீனத் தலைவர்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவும் தடுப்பரண்களைக் கலைக்கவும் 50,000 டாலர் பிணையுடன் கையெழுத்திட்டனர். தலைவர்களைப் பொறுப்பாக்குவது, ஆயுதத்தைக் கணக்கில் கொண்டுவருவது, வரும் வழியை அடைப்பது என்பதே அந்த அணுகுமுறை. காலனிய அரசு தன் வணிக நலனுக்காகவே இதைச் செய்தது என்றாலும், ஆயுதம் குறைவதற்கான வழி இதில் இருந்தது. பிற்காலத்தில் வந்த சட்டங்கள் இந்த வழியைவிட்டு விலகின.

கணபதியும் சாம்பசிவமும்

1948 ஜூன் 16 அன்று பேராக், சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. ஜப்பானிய ஆட்சிக்கு எதிராகக் காட்டில் போராடியவர்களிடம் இருந்த ஆயுதங்களில் ஒரு பகுதி 1945இல் ஒப்படைக்கப்படாமல் பதுக்கப்பட்டிருந்தது. அந்த ஆயுதங்களைக் கண்டு அரசு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அவசரகால விதிமுறைகள் வகுத்த தண்டனை அந்த அச்சத்தையும் விஞ்சியது. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கே மரண தண்டனை. சுட்டதாக நிரூபிக்கத் தேவையில்லை. யாருக்கும் காயம்பட்டிருக்கவும் தேவையில்லை.

அதே காலத்தில் தோட்ட நிர்வாகிகளுக்கு ஆயுதம் வழங்கப்பட்டது. தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்கள் துப்பாக்கியோடு நிறுத்தப்பட்டனர். தோட்டத்து பங்களாவில் பாதுகாப்பாகக் கருதப்பட்ட அதே பொருள், லயத்து வீட்டில் கண்டெடுக்கப்பட்டால் உயிரைப் பறித்தது. 1878இன் இந்தியச் சட்டத்தில் இருந்த பாகுபாடு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வேறு வடிவில் திரும்பி வந்தது.

தஞ்சைப் பகுதியில் பிறந்து சிறுவயதில் மலாயாவுக்கு வந்தவர் எஸ்.ஏ. கணபதி. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். 1949 மார்ச்சில் ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் பிடிபட்டார். ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் அவரிடம் இருந்தன என்பது குற்றச்சாட்டு. அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்ததாக அவர் தரப்பு கூறியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. மலாயாவில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த ஜான் திவியும், நேருவின் அரசும் உயிரைக் காக்க முயன்றனர். பலனில்லை. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் தூக்குக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மாதங்களே. தமிழ்நாட்டில் 'மலேயா கணபதி' என்ற பெயர் நெடுங்காலம் ஒலித்தது.

ஏறக்குறைய அதே நாட்களில் ஜொகூரில் சாம்பசிவம் என்ற மற்றொரு தமிழர்மீது வழக்கு நடந்தது. துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்ததாக மற்றொன்று. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கு மறுவிசாரணை நடந்து தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1950இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இரண்டு குற்றங்களையும் ஒருசேர ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்குமூலமே மறுவிசாரணையில் அவருக்கு எதிரான சான்று. ஒரு குற்றத்திலிருந்து ஏற்கெனவே விடுதலையான செய்தியை மறைத்துவிட்டு அந்த வாக்குமூலத்தைப் பயன்படுத்த முடியாது, விடுதலைத் தீர்ப்பு பின்னால் வரும் எல்லா நடவடிக்கைகளையும் கட்டுப்படுத்தும் என்றது பிரிவி கவுன்சில். காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்கள் பல இன்றும் இத்தீர்ப்பை மேற்கோள் காட்டுகின்றன.

ஒரே விதிமுறை, ஒரே வகைக் குற்றச்சாட்டு. ஒருவர் இரண்டு மாதத்தில் தூக்கில் தொங்கினார். மற்றவர் மேல்முறையீட்டுக்குக் கால அவகாசம் கிடைத்ததால் பிழைத்தார். உயிர்க்கும் சாவுக்கும் இடையே நின்றது விசாரணை நடைமுறையும் அதற்குக் கிடைத்த காலமுமே. அவசரகாலத்தில் 200க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர்.

பினாங்கு நீதிமன்றத்தின் இரு வழக்குகள்

1960இல் அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டு ஆயுதச் சட்டமும், இசா என்று அறியப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் நாடு முழுவதும் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையைக் கூட்டும் தனிச் சட்டம் நிறைவேறியது. இதனால் உரிமமின்றி ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தவன்மீது மூன்று சட்டங்கள் பாயலாம் என்ற நிலை உருவானது. ஆயுதச் சட்டத்தில் அதிகபட்சம் ஏழாண்டுச் சிறை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினான்கு ஆண்டுச் சிறையும் பிரம்படியும். இசாவின் 57ஆவது பிரிவில் மரணம். எந்தச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டுவது என்பதை அரசு வழக்குத் தரப்பே தீர்மானித்தது.

1975இல் வந்த பாதுகாப்பு வழக்கு விதிமுறைகள் இதை மேலும் கடுமையாக்கின. சாட்சி தன் முகத்தை மறைத்துக்கொண்டு சாட்சி சொல்லலாம். பிறர் சொல்லக் கேட்டதும் சான்றாகலாம். குற்றம் நிரூபணமானால் நீதிபதி உச்சத் தண்டனையையே விதிக்க வேண்டும். சிறார்களுக்கான தனி நடைமுறையும் இந்த வழக்குகளுக்குப் பொருந்தாது.

இதன் விளைவைப் பினாங்கு 1977இல் கண்டது. கைத்துப்பாக்கி வைத்திருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பினாங்கு உயர்நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சட்டம் வேறு வழியை விடவில்லை. மேல்முறையீடும் தோற்றது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. வெளிநாடுகளிலும் செய்தி பரவியது. கடைசியில் மாநில ஆளுநரின் கருணையால் அவன் உயிர் தப்பி, ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அந்த அக்டோபரில் மலேசிய வழக்கறிஞர் மன்றம் ஒரு சிறப்புக் கூட்டத்தில், இந்த விதிமுறைகளின்கீழ் நடக்கும் வழக்குகளில் வழக்கறிஞர்கள் முன்னிலையாக வேண்டாம் என்று தீர்மானித்தது. சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு சட்ட நடைமுறையை நீதியற்றது என்று அறிவித்து விலகி நின்றது இந்நாட்டு வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. 

இரண்டாவது வழக்கு தே செங் போ வழக்கு. ரிவால்வரும் ஐந்து தோட்டாக்களும் வைத்திருந்ததற்காகப் பினாங்கில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1978 டிசம்பரில் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. 1969 கலவரத்துக்குப் பின் கூடாதிருந்த நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில் மீண்டும் கூடியதும், அதை மீறி அரசு விதி வகுக்கும் அதிகாரம் முடிந்துவிட்டது. ஆகவே 1975 விதிமுறைகள் செல்லாது என்றது. அதே தீர்ப்பில், எந்தச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டுவது என்பதை வழக்குத் தரப்பு தேர்ந்தெடுப்பது சமத்துவ உரிமையை மீறவில்லை என்றும் கூறியது. இந்த இரண்டாவது பகுதி எனக்கு ஏற்புடையதல்ல. ஏழாண்டுச் சிறையா, சாவா என்பதை நீதிபதிக்கு முன்பே வேறொருவர் முடிவு செய்துவிட்டால், நீதிபதிக்கு முடிவு செய்ய மிஞ்சுவது என்ன?

தீர்ப்புக்கு அரசு விரைந்து எதிர்வினையாற்றியது. 1979இன் தொடக்கத்திலேயே புதிய சட்டம் நிறைவேறி, செல்லாதெனப்பட்ட விதிமுறைகளுக்கு மீண்டும் உயிர் தந்தது. இசா 2012இல் நீக்கப்படும்வரை துப்பாக்கி வைத்திருந்ததற்கான மரண தண்டனை சட்டப் புத்தகத்தில் நீடித்தது.

தூக்குக்கயிறு காத்ததா?

மலேசியாவில் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. தோட்டத்தைக் காக்கவும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கும் பாதுகாப்புப் பணிக்கும் உரிமம் பெற்றவர்கள் உண்டு. மாநில போலீஸ் தலைவர் உரிமத்தை மறுக்கவும் பறிக்கவும் முடியும். இந்த நிலை நமக்குப் பெருமை தருவது. கடுந்தண்டனையே இதற்குக் காரணம் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. துப்பாக்கி தூக்கினால் உயிர் போகும் என்ற அச்சம் சில கொள்ளையரையாவது பாராங் கத்தியோடு நிறுத்தியிருக்கும். ஆயுதக் கொள்ளைகளை நேரில் கண்ட தலைமுறைக்கு அந்த அச்சம் ஓர் ஆறுதல்.

ஆனால் மற்ற நாடுகளின் அனுபவம் வேறு செய்தி சொல்கிறது. பிரிட்டனில் 1996இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பின், கைத்துப்பாக்கிகள் கிட்டத்தட்ட முழுமையாகத் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டனர். அந்நாட்டரசு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி அழித்தது. இரு நாடுகளிலும் தூக்குத் தண்டனை இல்லை. உரிமத்தில் கண்டிப்பு, ஒவ்வொரு ஆயுதத்துக்கும் கணக்கு, வரும் வழியில் கண்காணிப்பு ஆகியவற்றால் அவர்கள் அதைச் சாதித்தனர். 1874இல் லாருட் தலைவர்களிடம் பிணை வாங்கியவர்கள் அறிந்திருந்ததும் ஏறத்தாழ இதுவே.

கடுஞ்சட்டம் இருந்த காலத்திலும் கள்ளத் துப்பாக்கி நின்றுவிடவில்லை. 2013இல் நாடு முழுவதும் துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்தன. அப்போது நடைமுறையிலிருந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம், கொள்ளை போன்ற குற்றங்களின்போது கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டால், குண்டு யார்மீதும் படாவிட்டாலும் மரணத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. அந்த இடத்திலிருந்த கூட்டாளியும், சூட்டைத் தடுக்க முயன்றதை நிரூபிக்காவிட்டால், தூக்குக்கு உரியவன். அந்தச் சட்டம் இருந்தும் சூடு நடந்தது. 2016 டிசம்பர் 1 அன்று பினாங்கின் துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையில் ஒரு மெய்க்காப்பாளர் தன் முதலாளியையே காருக்குள் சுட்டுக் கொன்றார், சாலையிலிருந்தவர்களையும் சுட்டார். மூவர் மாண்டனர். பாதுகாப்புக்கென்று அமர்த்தப்பட்டவரின் துப்பாக்கியே அன்று ஆபத்தாயிற்று.

2023 ஜூலை 4 அன்று கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கியால் சுட்ட குற்றத்துக்கும் இனி நீதிபதி மரணத்துக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். 1977இல் பினாங்கு நீதிபதிக்கு மறுக்கப்பட்ட தீர்மானிக்கும் உரிமை 46 ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்துக்குத் திரும்பியிருக்கிறது.

அரசின் துப்பாக்கி

பொதுமக்கள் ஆயுதத்தைத் துறக்கும்போது, தங்களைக் காக்கும் பொறுப்பை அரசிடம் ஒப்படைக்கிறார்கள். ஆகவே அரசின் துப்பாக்கி எப்படிப் பயன்படுகிறது என்பதும் இந்த விவாதத்தின் பகுதியே. 2013 ஆகஸ்ட் 19 அன்று பினாங்கு சுங்கை நிபோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஐந்து இந்திய இளைஞர்கள் போலீஸ் சூட்டில் இறந்தனர். அவர்கள் குண்டர் கும்பலைச் சேர்ந்தவர்கள், அவர்களே முதலில் சுட்டனர் என்று போலீஸ் தரப்பு கூறியது. மனித உரிமை அமைப்புகள் சுயேச்சையான விசாரணை கேட்டன. அதே மாத இறுதியில் உள்துறை அமைச்சு வெளியிட்ட ரகசியக் கும்பல்களின் பட்டியலில் இந்தியர்களின் எண்ணிக்கை, மக்கள்தொகையில் அவர்களது பங்கைவிட மிக அதிகம்.

இந்த உண்மையை நம் சமூகம் மூடி மறைக்கக் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் கும்பல்களில் சேர்வதற்கு வேலையின்மையும் பள்ளியிலிருந்து இடைநிற்பதும் வழி திறக்கின்றன. அதே வேளையில், கும்பலில் இருந்தான் என்பதே ஒருவன் விசாரணையின்றிச் சாவதற்குப் போதுமான காரணம் ஆகாது. 2005இல் அரச ஆணையம் போலீஸ்மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான, தண்டிக்கும் அதிகாரமுள்ள அமைப்பைப் பரிந்துரைத்தது. 2022இல் சட்டமாகி 2023இல் இயங்கத் தொடங்கிய போலீஸ் நடத்தை ஆணையம் பரிந்துரைகளை அனுப்பலாம். தானே தண்டிக்க முடியாது. அரச ஆணையம் கேட்ட அமைப்பு இன்னும் பிறக்கவில்லை.

முடிவு

பினாங்கு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை நான் முன்வைக்கிறேன். முதலாவது, ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக்க வேண்டாம். 1867இன் ஜார்ஜ் டவுனே அதற்குச் சான்று. இரண்டாவது, துப்பாக்கியைக் குறைக்க எல்லையில் கண்காணிப்பும் உரிமத்தில் கண்டிப்பும் போதும். துப்பாக்கிச் சட்டத்தில் இன்னும் மிச்சமிருக்கும் மரண தண்டனையை முழுமையாக நீக்க வேண்டும். மூன்றாவது, போலீஸ் சுட்டு ஒருவர் இறக்கும் ஒவ்வொரு நிகழ்வையும் போலீஸ் அல்லாத ஓர் அமைப்பு விசாரிக்க வேண்டும். அதன் முடிவு மக்களுக்குத் தெரிய வேண்டும்.

கணபதியின் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் சமூகம் நாம். அந்தக் கதை வெறும் துயர நினைவாக முடிந்துவிடக் கூடாது. நம் பிள்ளைகள் கையில் துப்பாக்கி வராமல் பார்ப்பது குடும்பத்தின் கடமை. பிடிபட்டவனுக்கு நேர்மையான விசாரணை கிடைக்கச் செய்வது குடிமக்களின் கடமை. தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் மேலே சொன்ன மூன்று முடிவுகளைப் பற்றியும் கேளுங்கள்.